மெட்ரோ வரும்வரை காத்திருக்க முடியாது!
காஞ்சி – வாலாஜாபாத் தடத்துக்கு எந்த வண்டி?

(ஐயம்பேட்டையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவேன், வக்ஃபு சொத்துகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேசத்தான் வேண்டும், பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இன்று நான் பேசப்போவது பஸ்ஸைப் பற்றி.

சிரிக்காதீர்கள். 2007ஆம் ஆண்டு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. நெடுநாள் போராடிப் பெற்ற உரிமை அது. அந்த உரிமையால் காஞ்சியிலோ செங்கல்பட்டிலோ கல்லூரியில் இடம் கிடைத்த பெண்பிள்ளை காலையில் எதில் ஏறிப் போவாள், மாலையில் எதில் ஏறி வீடு வருவாள்? வகுப்பு முடிந்து வண்டிக்காக ஒரு மணி நேரம் சாலையில் நிற்க வேண்டும் என்றால் எந்தத் தாய் எத்தனை நாள் அனுப்புவாள்? "படித்தது போதும், வீட்டில் இரு" என்று முடிவெடுக்கப் பல வீடுகளில் காரணம் மார்க்கமுமல்ல, வறுமையுமல்ல. பஸ் வராததுதான் காரணம். மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. அட்டையைக் காட்ட வண்டி வர வேண்டாமா?

இது நானாகச் சொல்வதல்ல. 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கையில் கல்வியும் வேலையும் மட்டுமல்ல, சாலையும் பஸ் நிறுத்தமும் பேசப்படுகின்றன. கிராமங்களில் முஸ்லிம்களின் விகிதம் கூடக்கூட, தார்ச்சாலையும் பஸ் நிறுத்தமும் உள்ள ஊர்களின் விகிதம் குறைகிறது என்று அக்குழு சுட்டிக்காட்டியது. நம்மில் பலரும் அந்த அறிக்கையின் வேலைவாய்ப்புப் பக்கங்களை மனப்பாடமாகச் சொல்வோம். பஸ் நிறுத்தத்தைப் பற்றிய பக்கத்தைப் புரட்டியதில்லை.

ஐயம்பேட்டைக்கு இது இன்னும் பொருந்தும். இங்கே முஸ்லிம் தெரு, நெசவாளர் தெரு என்று பஸ் பிரித்துப் பார்த்து வருவதில்லை. வராவிட்டால் இருவருக்கும் வராது. தறியிலிருந்து இறக்கிய சேலையை மடித்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடும் நெசவாளியும், பாரிமுனையில் சரக்கு எடுக்கப் போகும் நம் கடைக்காரரும் ஒரே நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே இந்தக் கோரிக்கையை நம் கொடியின் கீழ் மட்டும் நின்று கேட்பது தவறு என்பது என் கருத்து. ஊரே கேட்க வேண்டும், நாம் முன்னின்று கேட்க வேண்டும்.

சரி, எதைக் கேட்பது? ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

மெட்ரோவும் வேக ரயிலும்

இப்போது எல்லா ஊரிலும் மெட்ரோ பேச்சுதான். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை 52.94 கிலோமீட்டர் மெட்ரோவுக்குத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். மதிப்பீடு 15,906 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு முந்நூறு கோடி! 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் 140 கிலோமீட்டர் மண்டல வேக ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்று அறிவித்தார்கள். வரட்டும், நாம் எதிரிகள் அல்லர். ஆனால் டெல்லி – மீரட் வேக ரயில் நமக்கு ஒரு கணக்கைச் சொல்கிறது. அதற்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் 17 கிலோமீட்டரில் வண்டி ஓடியது 2023 அக்டோபரில். 82 கிலோமீட்டருக்கு முப்பதாயிரம் கோடிக்கு மேல் மதிப்பீடு. தலைநகரத்துக்கே அப்படி என்றால் நமக்கு?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வேக ரயில் ஊருக்கு ஊர் நிற்காது, நின்றால் அது வேக ரயில் அல்ல. காஞ்சிக்கு அது வந்து சேர்ந்தாலும், ஐயம்பேட்டைக்காரர் அதில் ஏறுவதற்குக் காஞ்சிக்குப் போக ஒரு பஸ் வேண்டும். சுற்றிச் சுற்றி வந்தாலும் பஸ்ஸில்தான் வந்து நிற்கிறோம்.

"மெட்ரோ வேண்டும்" என்று சுவரொட்டி அடிப்பது அரசியல்வாதிகளுக்கு வசதி. இருபது ஆண்டு கழித்து வரும் ஒன்றுக்கு வாக்குறுதி கொடுத்தவரை யாரும் ஐந்தாண்டில் கேள்வி கேட்க முடியாது. "காலை ஏழு மணிக்கு ஒரு நடை கூடுதலாக வேண்டும்" என்று கேட்டால், அடுத்த மாதமே தெரிந்துவிடும், செய்தாரா இல்லையா என்று. அதனால்தான் நான் இரண்டாவதைக் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் இருக்கும் ரயில்

ரயில் நமக்குப் புதிதல்ல. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865ஆம் ஆண்டிலேயே இந்தியன் டிராம்வே கம்பெனி பாதை போட்டது. பின்னர் அது செங்கல்பட்டு வரை நீண்டது. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபாத்தில் அந்தப் பாதையில் நிலையம் இருக்கிறது. இன்று அங்கே ஏறினால் செங்கல்பட்டு, தாம்பரம், மாம்பலம், எழும்பூர், கடற்கரை என்று ஒரே வண்டியில் போகலாம். மாம்பலத்தில் இறங்கினால் தியாகராய நகர் ஜவுளிக் கடைகள், கடற்கரையில் இறங்கினால் மண்ணடியும் பாரிமுனையும். வணிகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாத சீசன் டிக்கெட் எடுத்தவருக்கு ஆகும் செலவு, இரு சக்கர வண்டிக்குப் போடும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அரக்கோணம் வழியாகச் சுற்றி வரும் வட்டப் பாதை ரயிலும் 2019இல் வந்துவிட்டது.

பிறகு ஏன் நம் ஆட்கள் அதில் போவதில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, செங்கல்பட்டு – அரக்கோணம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி ஒரு நிலையத்தில் வந்து ஒதுங்கினால்தான் இந்த வண்டி நகரும். ஆகவே வண்டிகளின் எண்ணிக்கையை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. இரட்டைப் பாதைப் பேச்சு நெடுநாளாக நடக்கிறது, அதை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் இரண்டாவது காரணம் நம் கைக்கு எட்டியது. ரயில் வரும் நேரத்துக்கும் வாலாஜாபாத்துக்கு பஸ் போய்ச் சேரும் நேரத்துக்கும் சம்பந்தமே கிடையாது! இங்கிருப்போருக்குத் தறியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவு மட்டும் நீட்டி வைத்தால் சேலையாகாது, ஊடை குறுக்கே ஓட வேண்டும். ரயில் பாவு, பஸ் ஊடை.

ரயில்வேக்குக் கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. நம் வணிகர் சங்கங்கள் அதில் இடம் கேட்க வேண்டும். காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்துக் குறை சொல்லிப் பயனில்லை, போய் உட்கார வேண்டும்.

அரசு பஸ்: கேட்கத் தெரிந்து கேட்போம்

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. தனியார் முதலாளியின் லாபக் கணக்குக்கு வெளியே இருந்த குக்கிராமங்களுக்கும் பஸ் போனது அதற்குப் பிறகுதான். இன்று நம் பகுதி விழுப்புரம் கோட்டத்தின் கீழ் வருகிறது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வை மேற்கோள் காட்டி அரசு சொன்னது. தறி வேலை செய்யும் வீட்டில், சிறு கடை வைத்திருக்கும் வீட்டில் 888 ரூபாய் என்பது சிறு தொகையா?

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில் மட்டும்தான். காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஓடும் புறநகர் வண்டியில் அந்தச் சலுகை இல்லை. நம் சாலை வழியாக எத்தனை வண்டி போனாலும், அவற்றில் எத்தனை நகரப் பேருந்து என்பதுதான் நம் வீட்டுப் பெண்களுக்குக் கணக்கு. "பஸ் விடுங்கள்" என்று பொதுவாக மனு கொடுத்தால், ஏற்கெனவே ஓடும் புறநகர் வண்டிகளையெல்லாம் எண்ணிக் காட்டி "போதுமான பஸ் இருக்கிறது" என்று பதில் எழுதிவிடுவார்கள். "காஞ்சிபுரம் – வாலாஜாபாத் தடத்தில் நகரப் பேருந்து, இன்னின்ன நேரத்துக்கு, இத்தனை நடை" என்று எழுத வேண்டும்.

அதிகாரிகள் சொல்லும் அடுத்த பதில் எனக்குத் தெரியும். "கலெக்‌ஷன் இல்லை பாய், அதனால்தான் நடையைக் குறைத்தோம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. பஸ் நேரத்துக்கு வராது, வராததால் ஆள் பைக் வாங்குவான், ஷேர் ஆட்டோவில் ஏறுவான். ஆள் குறைந்ததும் வசூல் குறையும், வசூல் குறைந்ததும் ஒரு நடையை வெட்டுவார்கள், வெட்டியதும் இன்னும் பத்துப் பேர் பைக் வாங்குவார்கள். இப்படியே போனால் கடைசியில் பஸ்ஸில் மிஞ்சுவது பைக் ஓட்டத் தெரியாத முதியவர்களும், பைக் வாங்க முடியாத ஏழைகளும், மாணவிகளும். அவர்களுக்காகத்தானே அரசு பஸ் வந்தது?

பெண்கள் ஏறினால் வசூல் இல்லை என்று நினைப்பதும் தவறு. அவர்களின் பயணத்துக்காக அரசு கழகங்களுக்குப் பணம் ஈடு செய்கிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நடத்துநர் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்தான் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு ஏட்டுச் சான்று. நம் பெண்கள் பலர் "காசில்லாத டிக்கெட்தானே" என்று வாங்காமலே இறங்கிவிடுகிறார்கள். வீட்டில் சொல்லி வையுங்கள்: டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காத ஒவ்வொரு டிக்கெட்டும் "இந்தத் தடத்தில் ஆளில்லை" என்று நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் 48 நாள் நடந்தது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. கோடிப் பேர் வந்தார்கள் என்று அரசே சொன்னது. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள் அமைத்து, சிறப்புப் பேருந்துகள் விட்டு, உள்ளே சிறு வண்டிகளை ஓட்டி அத்தனை கூட்டத்தையும் ஏற்றி இறக்கினார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம். இதே ஊரில், இதே கழகத்தால் 48 நாள் அதைச் செய்ய முடிந்தது என்றால், இந்தத் தடத்துக்கு நான்கு நடை கூடுதலாக விடுவது கையாலாகாத காரியமா?

மினி பஸ்: வணிகர்கள் கவனத்துக்கு

1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தில் 20 கிலோமீட்டர் தடத்தில் 4 கிலோமீட்டர் மட்டுமே ஏற்கெனவே பஸ் ஓடும் சாலையில் போகலாம் என்று விதி. பல வண்டிகள் ஊருக்குள் கொண்டுபோய் இறக்க முடியாமல் விளிம்பிலேயே நின்றன, பல ஓடாமலே போயின. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்ட புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். அதாவது, முழு 25 கிலோமீட்டர் தடத்தில் பதினாறேகால் கிலோமீட்டர் உள்ளூர்ப் பாதை, எட்டே முக்கால் கிலோமீட்டர் பிரதான சாலை.

இதன் பொருள் என்ன? காஞ்சி – வாலாஜாபாத் சாலையிலேயே மினி பஸ் விட அனுமதி கேட்டால் கிடைக்காது. முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டைத் தெருக்களையும், பஸ்ஸையே காணாத உள் கிராமங்களையும் கோத்துக்கொண்டு, வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் போய் முடிகிற மாதிரி தடத்தை வரைந்து கேட்க வேண்டும். எந்தத் தடத்துக்கு அனுமதி என்று முடிவெடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையில் இருப்பவர் மாவட்ட ஆட்சியர். தடத்தை நாமே அளந்து, வரைபடத்தோடு கொடுத்தால் அவர் வேலை பாதி முடிந்தது.

வண்டி விடுவது யார்? நம் வணிகர்கள் ஏன் விடக்கூடாது? வட்டிக்குக் கடன் வாங்கி ஒருவர் விட வேண்டியதில்லை. பத்துப் பேர் பணம் போட்டு, லாபத்திலும் நட்டத்திலும் பங்கு என்று எழுதி வைத்து நடத்துவது நம் மார்க்கம் காட்டிய வணிக முறைதானே! ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இதில் பெரிய லாபம் இல்லை. கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கும், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இதில் கிடையாது. பிரதான சாலையில் அரசு பஸ்ஸில் காசில்லாமல் போகும் பெண், மினி பஸ்ஸில் காசு கொடுத்து ஏறுவாளா என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அதனால்தான் மினி பஸ்ஸை அரசு பஸ்ஸுக்கு மாற்றாக நான் சொல்லவில்லை. பஸ் நுழையாத தெருவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் நிற்கும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியாகச் சொல்கிறேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் நம் பிள்ளைகள்

இதைப் பேசும்போது இங்கே சில முகங்கள் வாடும் என்பது தெரியும். ஷேர் ஆட்டோ ஓட்டுவோரில் நம் பிள்ளைகள் நிறைய. பஸ் கைவிட்ட சாலையில் இரவு பத்து மணிக்கும், ரமளானில் தராவீஹ் முடிந்த நேரத்திலும் நம்மை ஏற்றி வந்தவர்கள் அவர்கள்தான். அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் சட்டப்படி அவர்கள் நிலை என்ன? ஆட்டோவுக்குக் கிடைக்கும் அனுமதி ஒப்பந்த வண்டிக்கானது. ஒருவர் வாடகைக்குப் பிடித்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போகலாம். வழியெல்லாம் நிறுத்தி ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்குவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வேறு அனுமதி. கூடுதல் ஆளோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பெர்மிட்டை எடுத்துக் காட்டி வழக்காடும். பயணிக்கும் நஷ்டஈடு இழுபறி, ஓட்டுபவன் குடும்பமும் தெருவில்.

அதற்காக ஒழித்துக்கட்டு என்று கேட்பது அநியாயம். உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடான இந்தோனேசியாவைப் பாருங்கள். ஜகார்த்தாவில் 2004இல் தனிப் பாதையில் டிரான்ஸ்ஜகார்த்தா பஸ் விட்டார்கள். 3,500 ரூபியா, அதாவது நம் காசுக்கு இருபது ரூபாய்க்குள் உள்ள கட்டணத்தை இருபது ஆண்டு உயர்த்தாமல் வைத்திருந்தார்கள். அங்கேயும் நம் ஷேர் ஆட்டோ மாதிரி அங்கோட் என்ற சிறு வேன்கள் ஆயிரக்கணக்கில் போட்டி போட்டு ஓடின. 2018 முதல் அவற்றைத் துரத்தாமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வேனுக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கிறது, பயணி ஏறுவதற்குக் காசில்லை. கிலோமீட்டருக்குப் பணம் வருவதால் ஓட்டுநர் ஆளைப் பிடிக்க ஒருவரையொருவர் முந்தி ஓட வேண்டியதில்லை. இங்கே உடனே அப்படி நடக்கும் என்று ஆசை காட்டவில்லை. ஆனால் மினி பஸ்ஸுக்கு முதலீட்டாளர்களையும் ஓட்டுநர்களையும் தேடும்போது, முதலில் இந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கிறேன்.

இளைஞர்களே, பைக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரகடம் பக்கம் ஆலை வேலைக்கு இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு லாரிகளுக்கு நடுவே பைக்கில் வருபவனுக்கு, லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலைவிடப் பெரிய செலவு காத்திருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

என்ன செய்யப் போகிறோம்?

முதலில் எண்ண வேண்டும். ஏழு நாள், அதிகாலை முதல் இரவு வரை, ஐயம்பேட்டை நிறுத்தத்தில் வந்த ஒவ்வொரு வண்டியும், வந்த நேரமும், அது நகரப் பேருந்தா புறநகரா என்பதும், ஏறியவர் எத்தனை, ஏற முடியாமல் நின்றவர் எத்தனை என்பதும் நோட்டில் ஏற வேண்டும். ஜும்ஆ நாளும் ஞாயிறும் அதில் கட்டாயம் வர வேண்டும். அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்தத் தடத்தில் நாளொன்றுக்கு எத்தனை நடை அனுமதிக்கப்பட்டிருக்கிறது, எத்தனை நடை ஓடியது என்று கேட்டு மனுப் போட வேண்டும். பெரும்பாலும் அனுமதித்த நடைக்கும் ஓடிய நடைக்கும் நடுவிலேதான் நம் பஸ் காணாமல் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிளை மேலாளரிடம் காட்ட வேண்டும். இந்தத் தடத்தில் ஊராட்சிகளாக உள்ள ஊர்களில் அடுத்த கிராம சபையில் நகரப் பேருந்துக்கும் மினி பஸ் தடத்துக்கும் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தீர்மானத்தை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் முன்மொழிந்தால் நாம் வழிமொழிவோம்.

எண்ணும் வேலைக்கு முறைவைத்து நிற்க இருபது இளைஞர்கள் வேண்டும். திங்கட்கிழமை ஃபஜ்ரு தொழுதுவிட்டு நேரே நிறுத்தத்துக்கு வருபவர்கள் இப்போதே வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டும் பேனாவும் வாங்கித் தர ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தேநீருக்கு இன்னொருவர் வேண்டும்.